நோய் வராதவர்களுக்கு மாத்திரை

நோயாளியிடம் மாத்திரையைக் கொடுப்பது எளிது. நோய் இல்லாதவரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசிப் பாருங்கள், நோயையே கையில் எடுத்து வந்த மாதிரி பார்ப்பார்கள். நல்லதைச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக ஜீவன்களே, எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையைப் பற்றிச் சிவகாசிப் பக்கம் ஊர் ஊராகச் சொல்லித் திரிவதுதான் என் வேலை.

செம்புத் தகடு

தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் பத்துப் பேர் முன்னால் பேசினேன். "நோவே இல்ல, எதுக்கு மாத்திர?" என்றாள் ஒருத்தி. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று வெடிமருந்து அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொடுகிறீர்களே, வெடித்த பிறகா தொடுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தும் செல்வி மட்டும் நின்றாள். அவள் புருஷன் திருத்தங்கல் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். அவருக்கு எச்.ஐ.வி. என்று போன மாதம்தான் தெரிந்து, சிகிச்சை தொடங்கியிருந்தது. இவளுக்கு இல்லை. கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் தகட்டத் தொட்டுக்கிட்டு அவுககூட வாழணும்க்கா. எனக்குப் பிள்ள வேணும்."

தீப்பெட்டி

செல்வியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, தினம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். ஆணுறையும் வேண்டும், பிள்ளைக்கு முயல்வதெல்லாம் தான் சொன்ன பிறகுதான் என்றும் கண்டித்துச் சொன்னார்.

மாமியார் கண்ணில் படக் கூடாதென்று செல்வி மாத்திரையைக் காலித் தீப்பெட்டியில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர், கைக்கு அதுதான் கிடைத்தது. அதோடு பட்டாசுக் கம்பெனி வாசலில் போய் நின்றால் விடுவார்களா? வாட்ச்மேன் பிடுங்கித் திறந்தார். பின்னால் வரிசையில் அத்தனை பெண்கள். மானம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாளாம். அவர் மாத்திரையை அவள் உள்ளங்கையில் தட்டிவிட்டு, பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். "குச்சி இருக்கக் கூடாது, எனக்கு அம்புட்டுத்தான். முழுங்கிட்டு உள்ள போ தாயி."

கை

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் செல்விக்குக் கிருமி இல்லை. புருஷனுக்கும் ரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது. இனிப் பிள்ளைக்கு முயலலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு, உங்க வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டாள்.

சொன்னேன். அவருக்கும் இதே நோய்தான், எனக்கு இல்லை. அப்போது இப்படி ஒரு மாத்திரை இங்கே வரவில்லை. பயத்தில் தனிப் பாய், தனித் தட்டு என்று நாலு வருஷம் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்தேன். கடைசியில் தண்ணீர் கேட்டு அவர் கை நீட்டினார், டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு விலகினேன். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது, இன்னும் அந்தக் கைக்கு ஏங்குகிறேன். இந்த மாத்திரை மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் என்றேன்.

செல்வி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கையப் பிடிக்க மாத்திர வேண்டாமேக்கா."

பேச்சில் என்னை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள் ஆபீஸில். பேச வேண்டிய வீட்டில் நாலு வருஷம் வாயைத் திறக்காதவள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?