கைதிப் புத்தகத்தில் என் பெயர்

மூன்று நாளாகத் தம்பி வீடு திரும்பவில்லை. தாமல் ஏரிக்கரையில் சாராயம் குடித்தவர்களைப் போலீஸ் அள்ளிப் போனதாகப் பக்கத்துத் தறிக்காரர் சொன்னார். அவர்களோடு போனானா, ஏரிக்குள்ளேயே கிடக்கிறானா என்று தெரியவில்லை. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். காக்கிச் சட்டையைக் கண்டாலே வேர்க்கும். ஆனாலும் அந்தக் கிராமத்து ஸ்டேஷனுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

உள்ளே ஏட்டு ஒருவர்தான் இருந்தார். பெயர் சொல்லவே பயந்து, "எங்க வீட்டு ஆளைக் காணோம் சார்" என்றேன்.

கைதிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "படிக்கத் தெரியும்ல? நீயே பாத்துக்கோபா."

விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசி வரியில் என் பெயர் இருந்தது. என் அப்பா பெயர், எங்கள் தெரு, தொழில் நெசவு. நேற்றுக் காலையே என்னைக் கிளைச்சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படியானால் இங்கே நிற்பது யார்?

அடையாளம் என்ற கட்டத்தில், இடது புருவத்தில் தழும்பு என்றிருந்தது. அது தம்பியின் தழும்பு. நெசவாளர் சங்கத்தில் தறி என் பெயரில்தான் இருந்தது. பட்டு வாங்க அவன் போகும்போதும் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அவன் "இருக்கேன்" என்பான். போலீஸ் கேட்டதும் அந்தப் பெயரே வாயில் வந்திருக்கும்.

"இன்னாபா, பேயடிச்சாப்ல நிக்கிற? அவன் உனக்கு இன்னா வேணும்?"

உண்மையைச் சொன்னால், பொய்ப்பெயர் கொடுத்தான் என்று அவன்மேல் இன்னொரு கேஸ் விழும்.

"அண்ணன் சார்."

"உன் பேரு?"

தம்பியின் பெயரைச் சொன்னேன். அவர் அதைச் சீட்டில் எழுதி, சிறையில் காட்டச் சொன்னார்.