எங்கள் குட்டி லாரியின் முதல் ஓட்டம்

நாமக்கல்லில் நாங்கள் நடத்தும் விளம்பர ஸ்டுடியோவுக்கு இன்று புது முகம் கிடைத்துவிட்டது! பழைய லோகோவுக்குப் பதில், கண் சிமிட்டிக்கொண்டே ஓடும் ஒரு குட்டி லாரி.

இணையத்தில் வெளியிடப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார் கட்டடச் சொந்தக்காரர் பழனியண்ணன். லாரி வைத்திருப்பவர்.

"ஏனுங்க, புது வண்டிய எலுமிச்சம்பழம் நசுக்காம ரோட்டுல உடுவாங்களா?"

"அண்ணா, இது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பொம்மைங்க."

"வண்டி ஓடுதுங்கல்ல?"

வெளியிடுவதைத் தள்ளிவைத்தேன்.

அனிமேஷன் செய்த ஸ்டெல்லா உடனே சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம் வரைந்தாள். லாரி ஏறியதும் சாறு திரையெல்லாம் தெறித்தது. ஆபீசே கைதட்டியது!

லாரிக்குப் பெயர் வைக்க அத்தனை சண்டை போட்டோம். அதை வெளியிட்டதும் கமெண்டில் எல்லோரும் எலுமிச்சம்பழத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள்.

நசுங்கிப் போனவருக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.