ஆயிரம் நோட்டீசுக்கும் கண்மை

ஆரோக்கியமேரி பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதை ஒருமுறை பார்த்தவர்கள், அப்புறம் வேறு யாரிடமும் குழந்தையைக் கொடுக்க யோசிப்பார்கள். மந்தைவெளியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் ஆயாவாக இருந்தாள். 1994இல் டாக்டரம்மா மகனோடு இருக்க வெளிநாடு கிளம்ப, ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள்.

பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில், அடுத்த ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையைத் தொட்ட கையால் தோலைத் தேய்க்க அவளுக்கு மனசு வரவில்லை. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் குளிப்பாட்டினால் என்ன? குளிப்பாட்டலாம், ஆனால் ஊருக்குத் தெரிய வேண்டுமே! ஒன்றாம் தேதிக்கு இருபது நாள்தான் இருந்தது.

ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருந்த மெஹபூப் அலியிடம், நோட்டீஸ் போட நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். எத்தனை பிரசவம் பார்த்தாள், அதில் இரட்டை எத்தனை, எந்தக் குழந்தை பிறந்ததும் அழவில்லை, எல்லாம் இருந்தது. அவர் சிரிக்காமல் படித்து முடித்ததே பெரிய விஷயம்.

"இன்னாம்மா இது, உன் கல்யாணக் கதை ஒண்ணுதான் பாக்கி! பேப்பர்காரன் இத்த பேப்பர் உள்ள சொருவுவான். வூட்டுக்காரர் பேப்பர ஒதறுவாரு. நோட்டீஸ் கீய வுயும். வுயறதுக்குள்ள கண்ணுல படணும். அவ்ளோதான் உனக்கு டைம்."

"அதுக்குள்ள நான் இன்னாத்த பாய் சொல்றது?"

"குளிப்பாட்ட பயந்துகினு ஒரு பொண்ணு உக்காந்துகினு கீது. அதுங்கிட்ட இன்னா சொல்லுவ? அத்த மட்டும் சொல்லு."

நாலு பக்கம் நாலு வரியாயிற்று. மேலே கொட்டை எழுத்தில், 'குழந்தையைக் குளிப்பாட்டப் பயமா? நான் வருகிறேன்.' அடியில் அவள் பெயர், அனுபவம், தெருமுனை மருந்துக்கடையின் போன் நம்பர். நடுவில் ஒரு குழந்தைப் படம் வேண்டும் என்றார் பாய். பக்கத்து வீட்டுத் தேவானை, தன் ஏழு மாதப் பிள்ளையின் ஸ்டூடியோ போட்டோவைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தாள்.

அச்சாகிக் கட்டாக வந்ததைப் பார்த்ததும் அதே தேவானை தலையில் கை வைத்துக்கொண்டாள். படம் பளிச்சென்று விழட்டும் என்று ஸ்டூடியோக்காரர் குழந்தையின் கன்னத்துப் பொட்டைத் துடைத்துவிட்டிருந்தார்; ஆயிரம் பிரதியாகப் பார்த்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"ஐயோ அக்கா! ஆயிரம் வூட்டுக்கு எம்புள்ள மொட்ட கன்னத்தோட போவப் போறானா? அத்தினி கண்ணும் பட்டா அவன் இன்னாத்துக்கு ஆவான்?"

வெறும் காகிதம்தானே என்று சொல்லியிருக்கலாம். மேரியால் சொல்ல முடியவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் கண்ணேறு என்றால் அவளுக்கும் பயம். ஸ்கெட்ச் பேனாவால் வைக்கலாம் என்று பார்த்தாள். பேனா மையில் திருஷ்டி கழியாது என்று தேவானை ஒரே பிடியாக நின்றாள். இரண்டு பேரும் கண்மை டப்பாவோடு உட்கார்ந்து, ஆயிரம் கன்னத்திலும் விரலால் பொட்டு வைத்தார்கள். மதியச் சோற்றையே மறந்துவிட்டார்கள்.

தற்செயலாக வந்த பாய்க்கு அழுகையே வந்துவிட்டது. "சுத்தமா அச்சடிச்சுக் குடுத்தா மைய அப்பி வெச்சிகிறீங்களே! எவன் கூப்புடுவான்?"

மயிலாப்பூரிலும் அடையாறிலும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். மருந்துக்கடைப் பக்கமே நடந்து நடந்து மேரிக்குக் கால் ஓய்ந்தது. பாய் சொன்னது சரிதான், நம் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று ராத்திரியெல்லாம் மனசு அரித்தது. ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைக்காரர் கூப்பிட்டு ஒரு விலாசத்தைக் கொடுத்தார்.

மயிலாப்பூரில் மாடி வீடு. ஹம்சாவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அம்மா இல்லை, மாமியார் டெல்லியில். அன்றுவரை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே குழந்தையை வைத்திருந்தாள்.

"பழைய பேப்பரை எடுத்து வெச்சுண்டிருந்தேன். கட்டைவிரல்ல கறுப்பா ஏதோ ஒட்டிண்டுது. என்னன்னு பார்த்தா, நிஜ மை! காயிதத்துல இருக்கற குழந்தைக்கே திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்கேளே, என் குழந்தையை எப்படிப் பாத்துப்பேள்னு தோணித்து. உடனே போன் பண்ணிட்டேன்."

மேரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். மணையைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் கணுக்காலுக்கு மேல் குப்புறப் படுக்க வைத்தாள். முதல் சொம்பு வெந்நீர் முதுகில் விழுந்ததும் வீரிட்ட குழந்தை, மூன்றாவது சொம்புக்குள் அடங்கிவிட்டது. ஹம்சா நிமிர்ந்து பார்த்தாள். மேரியின் கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு? குழந்தைக்கு ஏதாவது..."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லா கீது. ரெண்டு மாசமாச்சும்மா எங்கையால ஒரு கொயந்தயத் தொட்டு."

ஹம்சா இன்னொரு சொம்பு வெந்நீரை விளாவி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்கோ. எதிராத்துலயும் ஒரு குழந்தை இருக்கு. அவாளும் கேக்கச் சொன்னா."