மாலை போடாத சுவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்துக்கருப்பு இதிலெல்லாம் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் ஜெபம் பண்ணிப் பேய் ஓட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் முதலில் சிரிப்பது நான்தான். என் நாத்தனார் உச்சிவேளையில் புளியமரத்தடியைக் கடக்கமாட்டாள், அவளை நான் பண்ணாத கேலி இல்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நடந்தது இதுதான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருக்கிற ஓவியக்கூடத்துக்கு நான் பொறுப்பு. ஓவியக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெரிய கூடம், பக்கத்தில் பிள்ளைகள் படம் வரையப் பழகுகிற அறை, பின்னால் என் ஆபீஸ். சீசனில் உள்ளே வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி வருகிறவர்கள், மீதிப் பேர் தலையில் எண்ணெய் வழிய ஈரத் துண்டோடு மழைக்கு ஒதுங்குகிறவர்கள். வந்துவிட்டுச் சும்மா போக வெட்கப்பட்டு ஏதாவது ஒரு படத்தின் முன்னால் நிற்பார்கள். அப்படி நிற்பவர்களில் சிலர் மழை விட்ட பிறகும் நகரமாட்டார்கள். அது போதும் என்று நினைக்கிற ஆள் நான்.

ஊர்க்காரர்கள் மட்டும் எட்டிப் பார்க்காமலே இருந்தார்கள். அவர்களை வரவழைக்கத்தான் ஒரு சுவரை அவர்களுக்கே விட்டேன். உங்கள் வீட்டுப் படம் ஒன்று கொண்டு வாருங்கள், சட்டம் போட்டு மாட்டுகிறோம் என்று சொன்னதும் கடைக்காரர், வயல்காரர், கல்யாண ஜோடி என்று படங்கள் வந்து குவிந்தன. ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வைத்தேன். பூ, மாலை, பொட்டு எதுவும் கூடாது. நம் ஊரில் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். உயிரோடு இருக்கிற மனிதர் வந்து தன் படத்தில் மாலையைப் பார்த்தால் சண்டைக்கு வருவாரா, மாட்டாரா?

இந்தக் கட்டுப்பாட்டைக் கேள்விப்பட்டுத்தான் கடையத்திலிருந்து செல்லக்கனி அக்கா வந்தாள். கையில் துண்டில் சுற்றிய ஒரு போட்டோ.

"இங்க மாட்டுத போட்டோவுக்கு மாலை போடமாட்டியளாமே மேடம், நெசமா?"

"போடமாட்டோம்க்கா."

"அப்பம் எம் புள்ளயயும் இங்கன மாட்டிருங்க."

அவள் மகன் முருகேசன் லாரியில் கிளீனராகப் போனவன். புளியறை தாண்டிக் கேரளாவுக்குள் எங்கேயோ டீ குடிக்க இறங்கியிருக்கிறான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஒரு தகவலும் இல்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. வீட்டில் அவன் தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள். அண்ணன்காரன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எவன் பெண்ணெடுப்பான், காரியம் பண்ணி ஒரு முடிவு கட்டு என்று சொந்தக்காரர்கள் நெருக்க, அவளுடைய கொழுந்தன் ஒருநாள் காலையில் மாலையை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். இவள் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "எம் புள்ள செத்துட்டான்னு எவன் கண்டான் மேடம்?" என்று என்னைக் கேட்டாள். சட்டம் போட்டு, பின்பக்கம் காகித நாடாவை நானே ஒட்டி மாட்டினேன்.

அதற்குப் பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம் வருவாள். அவளுக்காகப் படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து அவனை வைவாள். "ஏலே, எங்க கெடந்து எவன் சோத்தத் திங்குதியோ, ஒரு போன் போட்டாக் கொறஞ்சா போயிருவ?" கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் எழுந்து ஆபீசுக்குள் போய்விடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வாட்ச்மேன் பேச்சிமுத்து பூஜை என்றால் மோட்டாரில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தள்ளிவிடுவார். பொரிகடலையை நானும் விடமாட்டேன். அந்தச் சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று எச்சரித்தேன். "எனக்குத் தெரியாதா மேடம்" என்று கோபித்துக்கொண்டார். மத்தியானத்தோடு பூட்டிவிட்டுக் கிளம்பினோம். பஸ் ஸ்டாப் வரை போன பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. மலையில் மழை இறங்கிக் கொண்டிருந்தது, நல்ல வெளிச்சம் இல்லை. திரும்பிப் போய்க் கூடத்தைத் திறந்தேன்.

முருகேசன் நெற்றியில் பொட்டு இருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம், அப்போதுதான் வைத்தது மாதிரி ஈரமாக. மற்ற படங்களில் ஒன்றிலும் இல்லை. வந்தது பாருங்கள் எனக்குக் கோபம், பேச்சிமுத்துவை மனதுக்குள் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டே கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். அப்போதுதான் புரிந்தது, பொட்டு இருந்தது கண்ணாடிக்கு உள்பக்கம்.

கழற்றித் திருப்பிப் பார்த்தேன். நான் ஒட்டிய நாடா ஒட்டினபடியே இருந்தது. நாடாவைக் கிழித்துக் கண்ணாடியை எடுத்தேன். போட்டோவில் ஒரு கறையும் இல்லை. கண்ணாடியில் மட்டும் சந்தனம், வாசனையோடு. துடைத்து, மறுபடி நாடா ஒட்டி மாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் விஜயதசமிக்கு வருவதாக அந்த அக்கா சொல்லியிருந்தாள், அவள் கண்ணில் இது பட்டுவிடக் கூடாது, அது ஒன்றுதான் என் நினைப்பு.

காலையில் பேச்சிமுத்துவை வைத்துக்கொண்டுதான் திறந்தேன். பொட்டு மறுபடி இருந்தது, உள்பக்கம். "அந்தச் செவத்துப் பக்கமே நான் போவல மேடம், எங்க ஆத்தா மேல சத்தியம்" என்று அவர் அழாத குறை. படத்தை எடுத்து என் மேஜை டிராயரில் பூட்டினேன்.

பக்கத்து அறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் சத்தம். அதற்கு நடுவில் செல்லக்கனி அக்கா வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணாடி கீறிவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"மறைக்காதீய மேடம்" என்றாள். "நேத்து சாயங்காலம் அடுப்படியில நிக்கேன், பின்னால வந்து நிக்கான். நான் திரும்பல. திரும்பினாப் போயிருவான்லா. 'நெத்தி குளுருதும்மா'ன்னான். அவ்வளவுதான்."

பொட்டைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பேச்சிமுத்துவுக்கே அன்று காலையில்தான் தெரியும். டிராயரைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அந்தப் பொட்டின் மேல் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு தன் தலையில் இருந்த கனகாம்பரச் சரத்தை எடுத்தாள்.

"எவனெவனோ மாலையத் தூக்கிட்டு வந்தான், நான் விடல. போடுததா இருந்தா நானே போட்டுக்கிடுதேன்."

அந்தச் சுவரில் பூ கூடாது என்று சொன்ன நான்தான் படத்தைப் பிடித்துக்கொண்டேன், அவள் கட்டினாள். நான் அழுதேன். வீட்டுக்குக் கொண்டு போறீங்களாக்கா என்று கேட்டேன். "வேண்டாம் மேடம். அங்க ஒத்தையில கெடப்பான். இங்கன நாலு சனம் வரும் போவும்" என்றாள். பெற்றவள் ஒருத்தி தன் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

அதோடு காரியம் பண்ணினார்கள். மகளை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்தார்கள். நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன். இப்போதெல்லாம் ராத்திரி தூக்கம் வருது மேடம் என்று அக்கா சொன்னாள். முட்டி வலியில் அவளால் இங்கே வர முடிவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் யாரிடமும் இதைச் சொல்லியே இருக்கமாட்டேன்.

அவள் பூக்கட்டிவிட்டுப் போன மறுநாள் காலையில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, உள்ளே பொட்டு இல்லை. கனகாம்பரச் சரம் படத்தில் இல்லை. கீழே அந்த ஸ்டூலின் மேல் வட்டமாகச் சுருட்டி வைத்தது மாதிரி இருந்தது. அவள் போட்ட முடிச்சு அவிழவில்லை, நூல் அறவில்லை. எடுத்து ஆணியில் மாட்டினேன். அடுத்த நாளும் ஸ்டூலில். கம்பி வைத்துக் கட்டிப் பார்த்தேன், கம்பி படத்தில் இருந்தது, பூ ஸ்டூலில் இருந்தது. எலியாக இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். எலி பூவைச் சுருட்டி வைக்குமா? இன்றைக்கு வரைக்கும் வெள்ளிக்கிழமை புதுச் சரம் வாங்கிப் போடுகிறேன், காலையில் வந்தால் ஸ்டூலில்தான் இருக்கிறது.

மாலை வேண்டாம் என்கிறானா? அப்படியானால் அவன் எங்கேயோ இருக்கிறானா? இருக்கிறான் என்றால் அன்றைக்கு அடுப்படியில் அவள் பின்னால் வந்து நின்றது யார்? யோசித்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அவளுக்கோ இப்போதுதான் தூக்கம் வந்திருக்கிறது.

சனிக்கிழமை காலையில் நான் கூடத்தைத் திறக்கிற நேரம் பார்த்துப் போன் பண்ணுவாள். வேறு எதுவும் கேட்கமாட்டாள்.

"எம் புள்ள படத்துல பூ இருக்கா மேடம்?"

ஸ்டூலிலிருந்து எடுத்த சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்குக்கா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.