பெயர் வெட்டிய கற்களும் ஸ்டெல்லா டீச்சரும்

கோட்டக்குப்பம் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அங்கிள், அம்மா காலைல போயிட்டாங்க" என்றார் டீச்சரின் மகன் ஜோசப். மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். உடற்கல்வி ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர் காலமானார்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு பள்ளியில் அவர் விளையாட்டு டீச்சர், நான் ஆபீஸ் கிளார்க். இருபது வருடங்களுக்கு மேல் சேர்ந்து வேலை பார்த்தோம். எனக்கு விளையாட்டு பிடிக்காது. விசில் சத்தம் அதைவிடப் பிடிக்காது. மழைக்காலத்தில் மைதானத்தில் தண்ணீர் நின்றால், உப்பு லாரிகள் போகும் மண்பாதையில் பிள்ளைகளை ஓடவிடுவார். ஒதுங்காத டிரைவர்கள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஒரு வருடம் மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்கு எங்கள் மாணவி ஒருத்தி தயாராக இருந்தாள். வயதுதான் போட்டி வரம்பைவிடச் சில மாதங்கள் கூடிவிட்டது. டீச்சர் படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். "பாய், ஒரே ஒரு வருஷம். நம்ம ஸ்கூல் இதுவரைக்கும் எதுலயாச்சும் ஜெயிச்சிருக்குதா?" என்றார். பிறந்த வருடத்தை ஒன்று தள்ளி எழுதினேன். தலைமையாசிரியர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பெண் முதலில் வந்தாள். பிரம்மதேசம் பள்ளி மாணவி வள்ளி ஓரடி பின்தங்கி இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்தவளுக்கு மட்டும் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்க இடம். மறு வருடமே வள்ளி படிப்பை நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம். அதைப் பற்றி நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு டீச்சருக்கு ஒரு யோகம் அடித்தது. ஜோசப் உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல்காரர். வீட்டார் ஒருவரைக் கூட்டிப்போகலாம் என்று கப்பலில் அனுமதி கிடைக்க, அம்மாவை ஏற்றிக்கொண்டார். கிரேக்க நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, பஸ்ஸில் ஒலிம்பியா போயிருக்கிறார்கள். பழைய காலத்து ஓட்டப்பந்தயங்கள் நடந்த இடம் அது.

திரும்பி வந்ததும் என் வீட்டுக்கு வந்து போனைக் காட்டினார். வரிசையாக மொட்டைக் கற்கள்.

"இதைப் பாக்கவா கப்பல் ஏறிப் போனீங்க?"

"மைதானத்துக்குள்ள போற வழி பாய் இது. போட்டியில ஏமாத்துனவங்ககிட்ட அபராதம் வாங்கி, அதுல சாமி சிலை செஞ்சு நிறுத்துவாங்களாம். அடியில ஏமாத்துனவன் பேரை வெட்டிடுவாங்களாம். ஓட வர்ற ஒவ்வொருத்தனும் அதைப் படிச்சிட்டுத்தான் உள்ள போவணும். சிலை ஒண்ணுகூட இல்ல. பீடம் மட்டும் அப்படியே நிக்குது."

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எல்லாரும் உள்ள போயி ஓடிப் பாத்தாங்க. ஜோசப்புகூட ஓடுனான். எனக்குக் கால் வரல. வாடிப் போற கிரீடத்துக்காக ஓடுறாங்கன்னு பைபிள்ல பவுலடியார் சொன்னதை வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் டேயில பேசுனவ நான். அந்த வாடிப் போறதையே ஒரு பொண்ணுகிட்ட இருந்து புடுங்கிட்டேனே பாய்."

"சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் பண்ணலையா நீங்க?"

"எப்பவோ பண்ணிட்டேன். ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு. வள்ளிகிட்ட யாரு கேட்டது? வாங்க, ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்."

பென்ஷன், பிள்ளைகள், பள்ளிவாசலில் எனக்கிருந்த மரியாதை எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. "இந்த வயசுல எதுக்கு டீச்சர் வம்பு?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி பாய், உங்க பேரை எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய தொல்லை விட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அதற்குப் பிறகு பண்டிகைக்குப் பண்டிகை பேசிக்கொண்டோம். வள்ளியைப் பார்த்தாரா என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். உப்பளத்துப் பக்கமிருந்து கண் கூசும் வெளிச்சம். கூட்டத்தில் முன்பின் பார்த்திராத ஒரு பெண் நின்று அழுதுகொண்டிருந்தார். ஜோசப்தான், "பிரம்மதேசத்து வள்ளி அக்கா" என்று அறிமுகம் செய்தார். டெய்லர் கடை வைத்திருக்கிறாராம்.

"மொதல் தடவ வந்தப்ப வெளிய போங்கன்னு சொல்லிட்டேங்க. குடிக்கத் தண்ணிகூடக் குடுக்கல. என் வாழ்க்கையவே கெடுத்துட்டீங்களேன்னு கத்துனேன். தலைய குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க. ரெண்டாவது தடவயும் வந்தாங்க. மூணாவது தடவதான் உக்காரச் சொன்னேன்" என்றார் வள்ளி.

"என்ன சொன்னாங்க?"

"அந்த ஃபார்ம்ல வருஷத்தை மாத்தி எழுதுனது நான்தான், என் கைதான்னு சொன்னாங்க. வேற யாருக்கும் தெரியாதாம்."

அந்த இடத்திலாவது நான் பேசியிருக்க வேண்டும். அதற்குள் மண் போடக் கூப்பிட்டார்கள். ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

பழைய மாணவர்கள் கொண்டுவரும் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். டீச்சரைப் பற்றி எவ்வளவோ நல்லது சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன ஒரே ஒரு பொய்யை இங்கே திருத்தியாக வேண்டும். அதை எனக்காகத்தான் சொன்னார்.

வள்ளி, அந்தப் படிவத்தை எழுதியது டீச்சர் இல்லை. கேட்டது அவர், எழுதியது நான். என் பெயர் அப்துல் ஹமீது.

போய் வாருங்கள் டீச்சர். இந்த மலர் அச்சாகும் வரை காத்திருக்காமல், நாளைக் காலையே பிரம்மதேசம் போகிறேன். வெளியே போகச் சொன்னால் மறுபடியும் போவேன்.