புகை தெரிந்தால் இறங்குகிறவனுக்கு ஓர் அறை

ஒரு வீடு எரிந்து போனால் அக்கம்பக்கத்தார் சோறு கொண்டு போவார்கள், பழந்துணி கொண்டு போவார்கள், மனசு இருந்தால் இரண்டு பாத்திரமும் கொண்டு போவார்கள். தலையணையை மட்டும் யாரும் நினைக்க மாட்டார்கள். காவல்காரர் வீடு எரிந்த அன்று அவர் குடும்பத்தோடு மச்சான் வீட்டுக் கூடத்தில் ஒதுங்கியிருந்தார். சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசல்படியில் புதுத் தலையணைகள். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை தலையணை. கைக்குழந்தைக்கு உள்ளங்கை அகலத்தில் ஒன்று. வைத்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் நான்கு மூலையிலும் இரட்டைத் தையல் போட்டிருந்தது. அப்படிப் போடுகிற கை அந்த ஊரில் ஒன்றுதான். காவல்காரர் தேடிப் போய்க் கும்பிட்டபோது, "எனக்கு எதுக்கு கும்பிடு போடறீங்க? ஊர்ல நான் ஒருத்தி மட்டுமா பஞ்சுக் கடை வெச்சிருக்கேன்?" என்று கேட்டாள். அவள் ஒருத்திதான் வைத்திருந்தாள்.

அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி பார்த்தால் ரொட்டிக் கடைக்காரனுக்கு மட்டும்தான் அவள் அண்ணி. அவனுடைய அண்ணன் மெத்தை தைத்துப் பிழைத்தவர். ஒரு காய்ச்சலில் கடவுள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். கடையை மூடிவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் ஊசியைக் கையில் எடுத்தாள். "மெத்தை தைக்கத் தெரியாம நான் அவர்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினேனா" என்று ஒரே வார்த்தை. தைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஜெபம்தான். ஊசி உள்ளே போகும்போது ஒரு வார்த்தை, வெளியே வரும்போது ஒரு வார்த்தை.

அந்த ஊரில் ஒரு தன்னார்வத் தீயணைப்புக் குழு இருந்தது. சம்பளம் கிடையாது. மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய தண்ணீர் வண்டி, அவ்வளவுதான் சொத்து. முடிதிருத்துகிறவர்தான் தலைவர். தெருவில் ஒருவர் பாதிக் கன்னம் நுரையோடு நின்றுகொண்டிருந்தால் எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ரொட்டிக் கடைக்காரனும் குழுவில் உண்டு. அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த தலைவரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

"பஞ்சுக் கடைக்காரிக்குத் தீயணைக்கிறவங்க மேல பக்தி வராம வேற யாருக்கு வரும்" என்று சொல்லி அவளும் குழுவில் பேர் கொடுத்தாள். முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அதனால் வெளியூர்ப் பயணங்களைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். குழுவில் யார் வெளியூர் போனாலும் எந்த பஸ், எங்கே மாறுவது, எங்கே தங்குவது எல்லாம் அவள் பொறுப்பு. யாரையும் விசாரித்து அறை பிடிக்க மாட்டாள். தானே முன்னால் போய், லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, மெத்தையை ஒரு குத்துக் குத்திப் பார்த்த பிறகுதான் சரி என்பாள். "எங்க ஆளு வந்து படுக்கணும். நான் முன்னாடி வந்து பார்க்காம எப்படி?" என்பாள்.

அவளுக்கு வாய்த்த பெரிய தலைவலி சொந்தக் கொழுந்தன்தான்.

ரொட்டிக் கடைக்காரனுக்கு ஊர் வைத்த பேர் மூக்கன். தன் அடுப்பில் ரொட்டி கருகினால் தெரியாது, அடுத்த ஊரில் வைக்கோல் எரிந்தால் தெரியும் என்று அவன் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். தலைவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததால் அடுத்த அதிகாரியாக அவனைத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதிகாரி ஆக வேண்டும் என்றால் தலைநகரில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் தலைமைப் பயிற்சிக்குப் போய் வர வேண்டும். காலை எட்டு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். பிறகு யார் வந்தாலும் திறக்க மாட்டார்கள். மூக்கன் இரண்டு வருஷம் கிளம்பினான். இரண்டு வருஷமும் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். முதல் தடவை வழியில் ஒரு மரக்கடை எரிந்தது, பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டான். அடுத்த தடவை ஒரு லாரி எரிந்தது. அப்போதும் இறங்கிவிட்டான்.

மூன்றாவது வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பயிற்சி பெற்ற அதிகாரி இல்லாத குழுவிடம் வண்டியை விட்டுவைக்க முடியாது. இந்த முறையும் தவறினால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். வண்டி போனால் பிறகு தீப்பிடித்தால் வாளியும் குடமும்தான்.

கொட்டகையில் கூட்டம் போட்டார்கள்.

"இவனைப் பெட்டியில போட்டுப் பூட்டி பார்சல்ல அனுப்பிடலாம்" என்றார் தலைவர்.

"எதுக்கு? மூக்குல பஞ்சு அடைச்சு அனுப்பினா போதும். பஞ்சுதான் அண்ணிகிட்ட மூட்டை மூட்டையா இருக்கே" என்றார் குழாய் வேலைக்காரர். அவரும் இந்த முறை துணை அதிகாரிப் பயிற்சிக்கு மூக்கனோடு போகிறவர்.

"மூக்குல பஞ்சு வெச்சா யாரும் பஸ்ல ஏத்த மாட்டாங்கப்பா. பாடையிலதான் ஏத்துவாங்க" என்றார் தலைவர்.

கொட்டகை குலுங்கச் சிரித்தார்கள். மூக்கன் சிரிக்கவில்லை. பின் வரிசையிலிருந்து யாரோ, வேறு ஆளை அனுப்பலாமே என்று மெதுவாகச் சொன்னார்கள். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. எழுந்து நின்றான்.

"சத்தியமா சொல்றேன். இந்தத் தடவை ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டேன். ஊரே பத்தி எரிஞ்சாலும் இறங்க மாட்டேன். சாமி மேல சத்தியம்."

தலையணை உறைக்கு நாடா வைத்துக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தினாள்.

"உட்காரு தம்பி. உன்னால முடியாததை எல்லாம் கொண்டு போய் சாமிகிட்ட கொடுத்தா அவர் அதை எங்க வெச்சுப்பார்?"

"அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க அண்ணி? போன தடவை மாதிரி ஆயிட்டா?"

"போன தடவை மாதிரி நீ இறங்குவே. எனக்குத் தெரியும். வேற ஆளை அனுப்பலாம்னு சொன்னது யாரு? புகையைப் பார்த்தும் இறங்காம உட்கார்ந்திருக்கிறவனை அதிகாரியா வெச்சு நாம என்ன பண்றது, ஆரத்தி எடுக்கிறதா? இவன் இறங்கற ஆளு. அதுக்குத் தகுந்த மாதிரி பயணத்தை நான் போடறேன். தப்பு என்னோடது. ரெண்டு வருஷமா ஒழுங்கா போறவனுக்குப் போட வேண்டிய பயணத்தை இவனுக்குப் போட்டேன்."

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள். போனவள் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாள். தலை முழுக்கப் பஞ்சு. என்ன அண்ணி இது கோலம் என்று மூக்கன் கேட்டபோது நடந்ததைச் சொன்னாள்.

பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லாட்ஜ்களில் ஒரு வழக்கம். இருட்டுவதற்குள் வராவிட்டால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அண்ணி ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கினாள். எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியாக ஒரு லாட்ஜில் கட்டிலில் உட்கார்ந்து குத்திப் பார்த்தாள். மெத்தை கல்லும் முள்ளுமாக இருந்தது. லாட்ஜ்காரரிடம் பேரம் பேசினாள்: மாடியில் இருக்கும் மெத்தை எல்லாவற்றையும் பிரித்து, பஞ்சை அடித்து உதறி, திரும்பத் தைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம். எங்கள் ஆட்கள் எந்நேரம் வந்தாலும், விடியற்காலையில் வந்தாலும், அறை அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

"மாடி முழுக்கவா?" என்றான் மூக்கன்.

"பின்ன? ஒரே ஒரு மெத்தைக்கு ஒரு ராத்திரி அறையைத் திறந்து வைப்பாரா? மதியான பஸ்ல வேண்டாம். விடியற பஸ்ல கிளம்பிடுங்க. நடுவுல எங்க இறங்கினாலும் பின்னாலயே இன்னொரு பஸ் வரும், கேட்டுட்டு வந்திருக்கேன். எல்லா பஸ்ஸும் போயிட்டா மெயின் ரோட்டுல நில்லுங்க. விடியறதுக்கு முன்னால பால் வண்டி வரும். டிரைவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"அவரு எங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாரு?"

"மோந்து பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள்.

பயிற்சிக்கு முந்தின நாள் விடியற்காலை பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். மூக்கன் ஜன்னல் பக்கம் உட்காரவே இல்லை. குழாய் வேலைக்காரரை ஜன்னலில் உட்கார வைத்து, மடியில் பையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதுமே மூக்கு விடைத்தது.

"புகை."

"பேசாம வா. மூச்சை அடக்கு."

"நிஜமாவே புகை அண்ணே."

கரும்புகை வயலுக்கு அப்பால் சுருள் சுருளாக ஏறிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்தி இறங்கி, வரப்பில் விழுந்தடித்து ஓடிப் போய்ப் பார்த்தால், செங்கல் சூளை. சூளைக்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "செங்கல் வேணுமா?" என்று கேட்டார்.

குழாய் வேலைக்காரர் ரோட்டுக்குத் திரும்பி வருகிற வரைக்கும் திட்டினார். "உன் மூக்கை அறுத்து சூளையிலயே போட்டுட்டு வந்திருக்கணும்." அண்ணி சொன்னபடி பின்னால் இன்னொரு பஸ் வந்தது. ஏறினார்கள். மத்தியானம் பெரிய ஊரில் இறங்கி அடுத்த பஸ் மாறினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பொழுது சாய்கிற நேரம். அடுத்த ஊரைத் தாண்டினால் தலைநகர ரோடு. அப்போது முதலில் நிமிர்ந்தது மூக்கன் இல்லை, குழாய் வேலைக்காரர்.

"டேய். அது சூளை இல்ல."

மூக்கன் கண்ணைத் திறக்கவில்லை. முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். வண்டி, கொட்டகை, தலைவரின் மங்கிய கண் எல்லாம் அவனுக்குள் ஓடின. இப்போது இறங்கினால் கடைசி பஸ்ஸும் போய்விடும். இறங்காவிட்டால்? மாடி முழுக்க மெத்தை பிரித்த அண்ணியின் விரல்கள் ஞாபகம் வந்தன. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அவள் அத்தனை பஞ்சையும் அடித்தாள். கம்பியை விட்டான்.

"கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க."

மாட்டுக் கொட்டகை. கூரையில் தீப்பிடித்துவிட்டது. ஒட்டினாற்போல் வீடு. ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு குடத்தோடு கிணற்றுக்கும் வீட்டுக்கும் ஓடி, ஒருவர் மேல் ஒருவர் மோதி, பாதித் தண்ணீரைத் தரைக்கே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கத்தாத ஆள் இல்லை, கேட்கிற ஆளும் இல்லை. மூக்கன் ஒரு கல் மேல் ஏறினான்.

"யாரும் ஓடாதீங்க. நில்லுங்க. நிக்கிற இடத்திலயே நில்லுங்க. குடம் மட்டும் நடக்கட்டும்."

கிணற்றிலிருந்து வீடு வரை வரிசை நின்றது. குடம் கை மாறிக் கை மாறி வந்தது. குழாய் வேலைக்காரர் உள்ளே புகுந்து மாட்டை அவிழ்த்துவிட்டார். அது நன்றிக்கு அவர் காலை மிதித்துவிட்டுப் போனது. கொட்டகையைக் காப்பாற்ற முடியவில்லை. வீடு தப்பியது, கடவுள் புண்ணியம். வீட்டுக்கார அம்மாள் இருவர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. விடியும் முன் மெயின் ரோட்டில் நின்றார்கள். பால் வண்டி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார். "மெத்தைக்காரம்மா ஆளுங்களா? ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

லாட்ஜ் கதவு திறந்தே இருந்தது. லாட்ஜ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தார். "மேல போங்க. தண்ணி சுட வெச்சிருக்கேன். ஒரு நிமிஷமாவது படுத்துட்டுப் போங்கய்யா, அந்தம்மா வந்து கேட்டா நான் பதில் சொல்லணும்." படுத்த மாத்திரத்தில் குழாய் வேலைக்காரர் குறட்டை விட்டார். மூக்கன் அவரை இழுத்துக்கொண்டு ஓடினான். கேட்டில் நின்ற அதிகாரி கடியாரத்தைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"முகம் கழுவிட்டு வர்றதில்லையா?"

"கழுவினேன் சார். இவ்வளவுதான் போச்சு."

கேட் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூடியது.

பயிற்சி முடிந்து அதிகாரியாகத் திரும்பிய அன்று கொட்டகையில் எல்லாரும் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். வண்டியை இனி யாரும் கேட்க முடியாது. அண்ணி மட்டும் ஓரமாக வந்து, "மெத்தை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"படுத்ததும் எந்திரிச்சு ஓடினோம் அண்ணி."

"அது தெரியும். எப்படி இருந்துச்சு?"

"எந்திரிக்க மனசே இல்ல" என்றான். அதற்குத்தான் அவள் முகம் மலர்ந்தது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவளே பயணம் போட்டாள். மூக்கன் அதே பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப் போகும் அளவுக்கு வந்துவிட்டான். அப்போதும் அவனுக்கு முன்னால் அவள் போய் மெத்தையைக் குத்திப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு படுத்த படுக்கையானாள். ஊசி பிடித்த கை போர்வையின் ஓரத்தைத் தடவித் தையல் தேடிக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் பயிற்சி நாள் நெருங்கியது. நான் போகவில்லை அண்ணி, உங்களை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அங்கே கற்றுக்கொள்ள ஆட்கள் காத்திருப்பார்கள், எழுந்து போ என்று கண்ணாலேயே அதட்டினாள். அவன் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் தலையணையை ஒரு குத்துக் குத்திச் சரிசெய்து சாய்ந்துகொண்டாள்.

"அவசரப்படாம வா தம்பி. வழியில புகை தெரிஞ்சா இறங்கு. நான் முன்னாடி போய்ப் படுக்கை போட்டு வைக்கிறேன்."