விட்டுப்போன எழுத்து

நெட்டில் படம் பார்க்க டிவியின் பின்னால் செருகியிருந்த ஸ்டிக், பக்கத்து வீட்டு அண்ணனின் வைஃபையில் சேரவே இல்லை. பிடுங்கிச் செருகினேன், அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டு தவறு என்றே வந்தது. அவர் கையாலேயே அடித்துக் கொடுத்திருந்த என் போனில் மட்டும் நன்றாக வேலை செய்தது. அதுதான் உறுத்தியது. நானும் அவரும் மீன் பிடிக்கும் ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டு போட்டு முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். அந்த வாரம் நல்ல பாடு எனக்கு விழுந்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலில் டிவியை மட்டும் தடுத்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அவர்கிட்டயே கேட்டா இன்னா?" என்றாள் மனைவி.

"கேட்டா சொல்லிடுவாரா?"

அவளே போய்க் கூட்டி வந்தாள். அவர் வைத்திருந்த பாஸ்வேர்டு பாடு என்ற அதே சொல்தான், கூடவே அவர் படகு நம்பர். முன்பு அவர் வாயால் சொன்னதை நான் ஆங்கிலத்தில் அடித்திருந்ததைப் பார்த்தார்.

"இன்னாப்பா, படுனு அடிச்சி வெச்சிக்கிற. பாடுக்கு ரெண்டு ஏ போடணும்."

போட்டேன். படம் ஓடியது.

"நான் மாத்திட்டேன்னு நெனச்சியா?"

"இல்லண்ணே."

மனைவி என்னையே பார்த்தாள். காலையிலிருந்து அவரைத் திட்டியதில் நான் ஒரு எழுத்தும் விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.